குளிர்காலம் இல்லாத ஊரில் பூனை முடி: பினாங்குக்காரர்களும் கோலாலம்பூர்க்காரர்களும் கேட்கும் கேள்விகள்

நவம்பர் பிறந்தால் போதும், "குளிர்காலத்தில் பூனையின் ரோமத்தைக் காப்பது எப்படி" என்ற குறிப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அவற்றில் பாதி கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் எழுதப்பட்டவை. ஹீட்டரிலிருந்து பூனையைத் தள்ளி வை, பனியில் நடந்த பாதத்தைத் துடை என்று இருக்கும். பட்டர்வொர்த்தில் விசிறியை முழு வேகத்தில் சுழலவிட்டுக்கொண்டு இதைப் படிப்பவர்களுக்குக் குழப்பம் வரத்தான் செய்யும். தெருப்பூனைகளை எடுத்துத் தேற்றி, வீடு பார்த்துக் கொடுக்கும் வேலையில் இருப்பதால் இந்தக் குழப்பமெல்லாம் கேள்விகளாக என்னிடம் வந்து சேர்கிறது. அடிக்கடி வருபவற்றுக்கு இங்கே பதில்.

நமக்குத்தான் குளிர்காலமே கிடையாதே, அப்புறம் ஏன் டிசம்பரில் முடி இப்படிக் கொட்டுகிறது?

பூனை எப்போது முடி மாற்ற வேண்டும் என்பதைப் பெரும்பாலும் பகல் வெளிச்சத்தின் நீளம்தான் தீர்மானிக்கிறது. லண்டனில் கோடைப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல் நீளும். டிசம்பரில் அது 8 மணி நேரத்துக்குள் சுருங்கிவிடும். அந்த வித்தியாசத்தை வைத்து அங்குள்ள பூனைகள் இலையுதிர் காலத்தில் அடர்ந்த உள்முடியை வளர்த்துக்கொண்டு, வசந்தத்தில் அதைக் கொத்துக் கொத்தாக உதிர்க்கின்றன. கோலாலம்பூரில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இருபது நிமிடம்தான் வித்தியாசம். பினாங்கில் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். இதில் இரவு பதினொரு மணி வரை வீட்டில் விளக்கும் எரிகிறது. பூனைக்கு எந்தக் கணக்கும் பிடிபடாமல், ஆண்டு முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டே இருக்கிறது.

டிசம்பரில் கூடுதலாகத் தெரிவதற்கு வேறு காரணம் உண்டு. மழைக்குப் பயந்து பூனை வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது. வழக்கமாக வாசலிலும் வடிகால் ஓரத்திலும் போகிற முடி இப்போது சோபாவில் சேர்கிறது. பள்ளி விடுமுறை என்பதால் பிள்ளைகளும் வீட்டில் இருந்து அதை எடுத்து எடுத்துத் தடவுகிறார்கள். முடி கொட்டுவது பிரச்சினையில்லை. அடியில் தோல் தெரிகிற அளவு கொட்டினால்தான் பிரச்சினை.

குளிர் இல்லை என்றால் வேறு எதற்குப் பயப்பட வேண்டும்?

ஈரத்துக்கு. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் சாதாரணமாகவே 80 சதவீதம் அளவுக்கு இருக்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும். கோலாலம்பூரில் ஏப்ரலை ஒட்டி ஒரு முறை, அக்டோபர் நவம்பரில் இன்னொரு முறை. இந்த மாதங்களில் நனைந்த பூனை தானாகக் காயும் என்று விட்டுவிட முடியாது. மேல்முடி காய்ந்துவிடும், தொட்டால் உலர்ந்த மாதிரி இருக்கும். தோலை ஒட்டிய உள்முடியில் ஈரம் தங்கி, மழையில் நனைந்த கம்பளியின் வாடை அடிக்கும். அந்த ஈரத்தில்தான் சடை இறுகுகிறது, பூஞ்சை பிடிக்கிறது, கீறல் விழுந்த இடம் சீழ் வைக்கிறது.

கம்போங் பூனைகளுக்கு, அதாவது நம் ஊர் நாட்டுப் பூனைகளுக்கு, இந்தத் தொல்லை குறைவு. குட்டை முடி, உள்முடியும் மெல்லியது. நாலு முறை உதறி, அரை மணி நேரம் நக்கினால் தீர்ந்தது. ஆனால் பாரசீகப் பூனை, மேய்ன் கூன், நார்வே காட்டுப் பூனை இவற்றையெல்லாம் வாங்கி அடுக்குமாடி வீட்டில் வளர்க்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பனி தேசத்துக்கு ஏற்ற இரட்டை அடுக்கு முடியை இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் சுமக்க வைத்தது நாம்தான். வேலையும் நம்முடையதுதான்.

நனைந்து வந்தால், தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் சிக்கு விழும். பிறகு முடியைக் கையால் பிரித்து வேர்ப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். அங்கே குளிர்ச்சியாகத் தட்டுப்பட்டால் இன்னும் காயவில்லை.

தினமும் சீவ வேண்டுமா? அதுதான் தன்னைத்தானே நக்கிக்கொள்கிறதே?

குட்டை முடிக்கு வாரம் ஓரிரு முறை போதும். நீள முடிக்குத் தினமும். இதில் சலுகையே கிடையாது.

காரணம் நாக்கில் இருக்கிறது. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் அலெக்சிஸ் நோயல், டேவிட் ஹூ என்ற இரு ஆய்வாளர்கள் 2018-இல் பூனை நாக்கை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாக்கில் உள்ள முட்களின் நுனி கரண்டி வடிவில் குழிந்திருக்கிறது. அது எச்சிலை உறிஞ்சிக் கொண்டுபோய் முடியின் அடிவரை விடுகிறது. அந்த ஈரம் ஆவியாகும்போது உடம்பும் குளிர்கிறது என்று கண்டார்கள். பல வகைப் பூனைகளின் முடியை அளந்து பார்த்ததில் பாரசீகப் பூனை மட்டும் மாட்டிக்கொண்டது. அதன் முடியை அழுத்தினாலும் நாக்கு முள் தோலை எட்டுவதில்லை. எவ்வளவு நக்கினாலும் மேற்பூச்சுதான். அடியில் சடை வளர்ந்துகொண்டே போகும்.

சீவும் முறையிலும் நிறைய பேர் இதே தவற்றைச் செய்கிறார்கள். மேலாக பிரஷ்ஷை ஓட்டிவிட்டு, பளபளவென்று இருக்கிறது பாருங்கள் என்பார்கள். உள்ளே விரலை விட்டால் கட்டி கட்டியாக இருக்கும். உலோகச் சீப்பு ஒன்று வாங்குங்கள், ஒரு பக்கம் அகலப் பல், மறுபக்கம் நெருக்கப் பல் இருப்பது நல்லது. முடியை ஒரு கையால் மேலே தூக்கிப் பிடித்து, தோல் தெரியும்படி வகிடு எடுத்து, கீழ் வரிசையிலிருந்து ஒவ்வொரு வரிசையாகச் சீவ வேண்டும். காதுக்குப் பின்னால், கழுத்துப் பட்டைக்கு அடியில், முன்னங்கால் அக்குளில், தொடை இடுக்கில், வாலுக்குக் கீழே என இந்த ஐந்து இடங்களையும் பார்த்தால் மற்ற இடம் ஓரளவு தானாகவே சரியாக இருக்கும். முதுகை எல்லாரும் சீவுகிறார்கள். முதுகில் சடை விழுவது அபூர்வம்.

உள்முடியை வாரி எடுக்கும் பல் வைத்த கருவிகள் இப்போது எல்லாச் செல்லப்பிராணிக் கடையிலும் கிடைக்கின்றன. மேய்ன் கூன் மாதிரி இரட்டை முடிக்கு மாதம் இரண்டு முறை லேசாகப் பயன்படுத்தலாம். கம்போங் பூனைக்குத் தேவையே இல்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இழுத்தால் நல்ல முடியும் அறுந்து, தோலும் சிவந்துவிடும்.

பூனை ஒத்துழைக்க மாட்டேன் என்கிறதா? ஒரேயடியாக முழு உடம்பையும் முடிக்க நினைக்காதீர்கள். சாப்பாட்டுக்கு முன் இடது பக்கம், இரவில் வலது பக்கம். வால் ஆட ஆரம்பித்தால் நிறுத்திவிடுங்கள்.

சடை இறுகிவிட்டது. கத்தரிக்கோலால் வெட்டி எடுக்கலாமா?

கூடாது. பூனைத் தோல் மிக மெல்லியது, தளர்வானது. சடையைப் பிடித்து இழுக்கும்போது தோலும் சேர்ந்து மேலே வந்துவிடும். எது முடி, எது தோல் என்று தெரியாது. இப்படித் தோலை வெட்டித் தையல் போட வேண்டிவந்த பூனைகள் ஏராளம். சிறிய சடை என்றால் வேர்ப்பக்கத்தை விரலால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சீப்பின் பல்லால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரியுங்கள். சோளமாவு ஒரு சிட்டிகை தூவினால் வழுக்கும். தோலோடு ஒட்டித் தகடாகிவிட்ட சடையை மின்சாரக் கத்திரியால்தான் எடுக்க வேண்டும், அதுவும் பழகியவர்கள். உடம்பு முழுக்க அப்படி இருந்தால் மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து எடுப்பதே பூனைக்குக் கருணை. சடையைத் தண்ணீர் ஊற்றி இளக்கலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நனைந்தால் இன்னும் இறுகும்.

இந்த வெயிலுக்கு மொட்டை அடித்துவிட்டால் என்ன?

சிங்க வெட்டு என்று தலையையும் வால் நுனியையும் விட்டுவிட்டு மற்றதை வழித்துவிடுகிறார்கள். பார்க்க வேடிக்கையாக இருக்கலாம், எனக்கு அது பிடிப்பதில்லை. சிக்கில்லாத முடி, வெயிலின் சூடு நேரே தோலில் இறங்காமல் தடுக்கிறது. வழித்துவிட்டால், ஜன்னலோரம் படுக்கிற வெள்ளைப் பூனைக்குத் தோல் கன்றிப்போகும். வெள்ளைக் காதுகளில் வருடக்கணக்காக வெயில் பட்டால் புற்றுநோய் வரை போவதுண்டு. கொசுவுக்கும் கொண்டாட்டம். தவிர்க்க முடியாத சடைக்காக வழிக்கலாம். வயிற்றுப் பக்கமும் பின்பக்கமும் மட்டும் குறைத்து வெட்டிவிடுவது நல்ல சமரசம், குறிப்பாக வயிற்றுப்போக்கு அடிக்கடி வரும் பாரசீகத்துக்கு.

ஒன்று மட்டும்: பூனை வாயைத் திறந்து மூச்சிரைத்தால் அது முடிப் பிரச்சினை இல்லை. நாய்க்கு அது சகஜம், பூனைக்கு ஆபத்து. உடனே கிளினிக்குக் கிளம்புங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை குளிப்பாட்டலாம்?

நம்மவர்களுக்குக் குளியல் மீது அபார நம்பிக்கை. தானே குளித்துக்கொள்ளும் மிருகத்தையும் வெள்ளிக்கிழமை தவறாமல் குளிப்பாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குட்டை முடிப் பூனைக்கு எண்ணெய், சேறு, மருந்து எதுவும் படாதவரை குளியல் அவசியமே இல்லை. நீள முடிக்கு மாதம் ஒன்று தாராளம்.

குளிப்பாட்டுவதற்கு முன்னால் முழுக்கச் சீவி முடித்திருக்க வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், கழுத்துக்குக் கீழே மட்டும். முகத்துக்கு ஈரத்துணி போதும். நம் தோலை விடப் பூனைத் தோலில் அமிலத்தன்மை குறைவு, அதனால் நம் ஷாம்புவும் குழந்தை ஷாம்புவும் அதற்கு ஒத்து வராது. பாத்திரம் கழுவும் திரவத்தை, மோட்டார் எண்ணெய்க்குள் விழுந்து வந்த பூனைக்கு ஒரு முறை பயன்படுத்தலாம்; வாடிக்கையாக வேண்டாம். நுரை முழுதாகப் போகும்வரை அலசுங்கள். மிச்சம் இருப்பதை அது நக்கித்தான் தீர்க்கும்.

முக்கியமான கட்டம் உலர்த்துவது. விசிறிக்குக் கீழே விட்டால் மேல்முடிதான் காயும். துண்டால் ஒற்றி, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் வைத்து, உங்கள் கையை நடுவில் வைத்துச் சூட்டைப் பார்த்தபடி, சீப்பால் பிரித்துப் பிரித்துக் காய வைக்க வேண்டும். சத்தத்துக்குப் பயப்படும் பூனை என்றால், குளிப்பாட்டும் நாளுக்குச் சில நாள் முன்பிருந்தே டிரையரை அடுத்த அறையில் ஓடவிட்டுப் பழக்குங்கள். உலர்த்தப் பொறுமை இல்லாத நாளில், அடைமழை நாளில், குளிப்பாட்டாமல் இருப்பதே மேல்.

அக்கா, எங்கள் பாட்டி பூனைக்கும் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்கிறார். மஞ்சள், வேப்பெண்ணெய் எல்லாம் நல்லதுதானே?

பாட்டியிடம் சண்டை போட வேண்டாம், பாட்டிலை மட்டும் எடுத்து ஒளித்துவிடுங்கள். நமக்கு ஒத்துக்கொள்கிற பல பொருட்களைப் பூனையின் ஈரல் உடைத்து வெளியேற்றாது. நாயாலும் மனிதனாலும் முடிகிற ஒரு வேதி வேலையை அதனால் சரியாகச் செய்ய முடியாது. மேலே பூசுவதெல்லாம் நக்கி நக்கி உள்ளே போகிறது என்பதால், தடவுவதும் ஊட்டுவதும் பூனைக்கு ஒன்றுதான்.

தேங்காய் எண்ணெய் விஷம் இல்லை. ஆனால் முடி பிசுபிசுத்து, தூசி அப்பி, நக்கிய பூனைக்கு வயிறு இளகும். மஞ்சள் சாயம் ஏறும், பலன் இருக்காது. வெள்ளைப் பூனை மாதக்கணக்கில் மஞ்சளாகத் திரியும். சீயக்காய் கண்ணைக் காந்தும். வேப்பெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதைப் பூசிய பூனைகள் எச்சில் ஒழுகி நடுங்கியது உண்டு. கோடாலித் தைலம், யூகலிப்டஸ், கற்பூரம், தேயிலை மர எண்ணெய், செராய் வாங்கி (சிட்ரோனெல்லா) எண்ணெய் எல்லாமே ஆபத்துப் பட்டியலில்தான். "இயற்கையானது" என்று எழுதி, பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் விற்கிற தெள்ளு விரட்டும் ஸ்பிரேக்களில் பாதி இந்த எண்ணெய்கள்தான், முகர்ந்து பார்த்தாலே தெரியும்.

வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது பூனையை வேறு அறையில் விடுங்கள். முடியில் புகை படிவதை விட மூச்சுக்குழாய்க்குத்தான் அது கெடுதி.

முடி வட்ட வட்டமாகக் கொட்டி, ஓரத்தில் செதில் தெரிகிறது. பிள்ளையின் கையிலும் வட்டமாகத் தடிப்பு. இரண்டும் ஒன்றா?

இருக்கலாம். படர்தாமரை, மலாயில் குராப். ஆங்கிலத்தில் ரிங்வோர்ம். அந்தப் பேரில்தான் புழு கிழு என்கிறார்கள், உண்மையில் இது பூஞ்சை. பூனைகளுக்கு வருவது பெரும்பாலும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் என்ற வகை. குட்டிகளுக்கும் பாரசீகப் பூனைகளுக்கும் சட்டென்று பிடிக்கும், மனிதருக்கும் தாராளமாகத் தொற்றும். பார்த்த மாத்திரத்தில் உறுதி சொல்ல முடியாது. மருத்துவர் ஊதா விளக்கடித்துப் பார்ப்பார். சில முடிகள் பச்சையாக மின்னும். மின்னாவிட்டால் நோய் இல்லை என்று அர்த்தமாகாது, முடியை எடுத்து வளர்த்துப் பார்க்கும் சோதனை வேண்டியிருக்கும்.

மாத்திரை அல்லது திரவ மருந்து, கூடவே மருந்துக் குளியல். வாரக்கணக்கில் போகும். புதிய முடி முளைத்ததும் குணமாகிவிட்டது என்று நிறுத்துகிறார்கள் பாருங்கள், அங்கேதான் மறுபடி தொடங்குகிறது. உதிர்ந்த முடியில் இருக்கும் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். ஆகவே சிகிச்சை பூனைக்குப் பாதி, வீட்டுக்குப் பாதி. பூனையை ஒரே அறையில் வையுங்கள், எளிதில் துடைக்கக்கூடிய அறையாக இருக்கட்டும். முடியைத் தினமும் அள்ளிக் கட்டி எறியுங்கள். தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு நீர்த்த குளோராக்ஸால் (ப்ளீச்) துடைத்து, மறுபடி வெறும் தண்ணீரால் துடையுங்கள். படுக்கைத் துணியைத் தனியாகத் துவையுங்கள். பிள்ளையை மனித மருத்துவரிடம் காட்டுங்கள். பூனையின் மருந்தைப் பிள்ளைக்கும், பிள்ளையின் களிம்பைப் பூனைக்கும் தடவாதீர்கள்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பூஞ்சை மலேசியாவில் உண்டு: ஸ்போரோட்ரிகோசிஸ். மூக்கு, முகம், காது, பாதம் ஆகிய இடங்களில் ஆறாத புண், நடுவில் குழி, நீர் வடிதல். கடி, பிறாண்டல் வழியாக மனிதருக்கும் வரும். இங்கே அப்படிப் பலருக்கு வந்திருக்கிறது. தெருவில் மூக்கு வீங்கிப் புண்ணான பூனையைப் பார்த்தால் கையுறை இல்லாமல் தொட வேண்டாம். குணமாகும் நோய்தான், மாதக்கணக்கில் மருந்து வேண்டும்.

காது ஓரத்திலும் நெற்றியிலும் தடித்த சாம்பல் நிறப் பொருக்கு என்றால் அது சிரங்குப் பூச்சி. அதற்கு வேறு மருந்து, விரைவாகவே தேறிவிடும். எது என்று தெரியாமல் கடையில் ஊசி போடச் சொல்லாதீர்கள்.

தெள்ளு மருந்து மழைக்காலத்தில் மட்டும் போட்டால் போதாதா?

குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் வெளியே தெள்ளு அடங்கிவிடும். நம் ஊர் தட்பவெப்பம் அதற்கு ஆண்டு முழுக்கத் திருவிழா. முட்டையிலிருந்து கடிக்கிற தெள்ளாக இரண்டு மூன்று வாரம் போதும். எனவே பன்னிரண்டு மாதமும் மருந்து.

வாலடியில் முடி போய், சொரிந்துகொண்டே இருக்கிறதா? சீவும்போது விழும் கருப்புத் துகளை ஈரமான வெள்ளை டிஷ்யூவில் வையுங்கள். சிவப்பு கசிந்தால் அது தெள்ளின் எச்சம், அதாவது உங்கள் பூனையின் ரத்தம். கழுத்துப் பின்புறம் விடும் சொட்டு மருந்தைப் பூனையின் எடை பார்த்து வாங்குங்கள், வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் போடுங்கள். நாய்க்கான மருந்தைப் பாதி விடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அவற்றில் பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனைக்கு வலிப்பு வந்து செத்துப்போகும்.

நாள் முழுக்க ஏர்கான் அறையில் இருக்கிறது. பொடுகு வருமா?

குளிர்நாட்டுக் குறிப்புகளில் நமக்கும் கொஞ்சம் பொருந்துவது இந்த ஒன்றுதான். அங்கே ஹீட்டர் காற்றை உலர்த்துகிறது, இங்கே ஏர்கான். காற்று நேரே படும் இடத்தில் படுக்கையை வைக்காதீர்கள், தண்ணீர்க் கிண்ணம் இரண்டாக இருக்கட்டும். இடுப்பில் மட்டும் பொடுகு என்றால் ஏர்கானைச் சந்தேகிக்காமல் பூனையின் எடையைப் பாருங்கள். குண்டுப் பூனைக்கு முதுகின் பின்பாதி எட்டாது. வயதான பூனைக்கு மூட்டுவலியால் திரும்ப முடியாது. இரண்டுக்கும் அந்த இடத்தை நீங்கள் சீவிவிட வேண்டும், அப்புறம் ஒரு முறை மருத்துவரிடமும் காட்ட வேண்டும். பொடுகு நகர்கிற மாதிரி தெரிந்தால் உங்கள் கண்ணில் கோளாறு இல்லை, அது ஒரு வகைப் பூச்சி.

சோறும் கெம்புங் மீனும்தான் (கானாங்கெளுத்தி வகை) போடுகிறோம். முடி மங்கலாக இருக்கிறதே?

முடி கிட்டத்தட்ட முழுக்கப் புரதம். சோறு வயிற்றை நிரப்பும், முடியை வளர்க்காது. பூனை மாமிசத்தால் மட்டுமே வாழும் மிருகம். டாரின், அராகிடோனிக் அமிலம் என்ற இரண்டு சத்துகளும் அதற்கு இறைச்சியிலிருந்துதான் கிடைத்தாக வேண்டும். மீன் மட்டுமே என்பதும் சரியில்லை. கொழுப்பு மீனையே நாளும் கொடுத்தால் வைட்டமின் ஈ குறைந்து தோலுக்கடியில் கொழுப்பு வீங்கி வலிக்கும் நோய் வரலாம். முழுமையான பூனை உணவு என்று பையில் எழுதியிருப்பதை முதன்மையாக வைத்து, மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, வாரம் ஓரிரு முறை ஆசைக்குக் கொடுங்கள். மாற்றியவுடனே பளபளப்பு வராது. புது முடி வளர வேண்டும், ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

கறுப்புப் பூனை செம்பட்டை பாய்ந்தால் அதிகம் வெயிலில் கிடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். புரதத்தில் உள்ள டைரோசின் என்ற சத்து போதாவிட்டாலும் கறுப்பு முடி அப்படித்தான் ஆகும்.

சயாமிஸ் பூனைக்கு அறுவைச் சிகிச்சைக்காக வழித்த இடத்தில் முடி கருப்பாக வளர்கிறது. ஏதாவது நோயா?

நோயில்லை. சயாமிஸின் நிறத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த இடத்தில்தான் செய்யும். அதனால்தான் காது, முகம், பாதம், வால் ஆகியவை கருப்பு, உடம்பு வெளிர். முடி வழித்த இடம் குளிர்ந்திருக்கும், அங்கே முளைக்கும் முடி கருத்துப் பிறக்கும். அடுத்த முறை முடி மாறும்போது சரியாகிவிடும். நாளெல்லாம் ஏர்கானில் வளரும் சயாமிஸ் கொஞ்சம் கருத்துத்தான் இருக்கும்.

முடி உருண்டையை வாந்தி எடுக்கிறது.

எப்போதாவது என்றால் பரவாயில்லை. வாரத்துக்குப் பல முறை என்றால் சீவுவது போதவில்லை, அல்லது குடலில் வேறு சிக்கல். ஒன்றும் வெளிவராமல் குனிந்து இருமிக்கொண்டே இருந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். கைபேசியில் படம் எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பிடாமல், மலம் போகாமல் வாந்தி எடுத்தால் காத்திருக்க வேண்டாம்.

புகைமூட்டம் வரும்போதும், டிங்கிக் கொசுவுக்குப் புகையடிக்கும்போதும் என்ன செய்வது?

2015, 2019 புகைமூட்டங்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். காற்றில் இருக்கும் கரித்துகள் முடியில் படியும், பூனை அதை நக்கும். அந்த நாட்களில் ஜன்னலை மூடி, இரவில் ஈரத்துணியால் முடி போகும் திசையிலும் எதிர்த்திசையிலும் ஒரு முறை துடைத்தால் போதும். குளியல் தேவையில்லை.

டிங்கிப் புகை வேறு விவகாரம். அதில் பைரெத்ராய்டு வகை மருந்துகளைப் பயன்படுத்துவதுண்டு, மேலே சொன்ன பெர்மெத்ரினின் உறவுக்காரர்கள். அறிவிப்பு வந்ததும் பூனையைக் கூண்டில் வைத்து வெளியே கொண்டுபோய்விடுங்கள். புகை அடங்கி, தரையைத் துடைத்த பிறகு கூட்டி வாருங்கள். ஐந்தடி நடைபாதையில் சோறு வைக்கும் தெருப்பூனைகளின் கிண்ணங்களையும் கழுவி வையுங்கள்.

இன்னொன்று, சீனப் புத்தாண்டு நேரத்தில் லில்லிப் பூங்கொத்து பரிசாக வரும். அதன் மகரந்தம் முடியில் ஒட்டி, பூனை அதை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். வாங்கிய கையோடு வாசலிலேயே வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள், பூனை இல்லாத வீடாகப் பார்த்து.

கேமரன் மலைக்குக் கூட்டிப் போகிறோம், சுவெட்டர் போடலாமா?

அங்கே இரவில் 15 டிகிரி வரை இறங்கும், பூனைக்கு அது சுகமான குளிர். ஒரு போர்வை போதும். சுவெட்டர் போட்டால் நக்க முடியாது, அக்குளில் சடை விழும். படம் எடுத்துவிட்டுக் கழற்றிவிடுங்கள்.

மகள் லண்டனுக்கு வேலைக்குப் போகிறாள், பூனையும் கூடவே. அதன் முடி அந்தக் குளிரைத் தாங்குமா?

வீட்டுக்குள் வாழும் பூனை என்றால் தாங்கும். போன முதல் ஆண்டிலேயே பகல் சுருங்குவதைப் பார்த்து உள்முடி கொஞ்சம் அடர்த்தியாக வளரலாம், வசந்தத்தில் ஒரேயடியாகக் கொட்டும்; மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள், நோய் என்று பயந்துவிடப் போகிறாள். இந்தக் கட்டத்தில்தான் அந்த வாட்ஸ்அப் குறிப்புகள் உதவும். ஹீட்டரை ஒட்டிப் படுத்தால் முடி கருகும், தோல் வறண்டு, தொட்டால் மின்சாரம் சுண்டும். வெளியே போய் வந்தால் சாலையில் தூவும் உப்பைப் பாதத்திலிருந்து துடைக்க வேண்டும். காருக்கு ஊற்றும் உறைதடுப்புத் திரவம் கொஞ்சம் பாதத்தில் பட்டு அதை நக்கினாலும் ஆபத்து. குளிர்காலத்தில் மொட்டை மட்டும் கூடாது.

கோயிலுக்குப் போகப் பட்டுப்புடவை கட்டினால் முழுக்க முடி. ஏதாவது வழி?

ரப்பர் கையுறையை லேசாக நனைத்து, ஒரே திசையில் தடவுங்கள், சோபாவுக்கும் இதுவே. பட்டுக்கு ஈரம் ஆகாது, அதற்கு ஒட்டும் உருளை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். புடவை கட்டுவது கடைசி வேலையாக இருக்கட்டும். கட்டிய பிறகு பூனைக்குச் சோறு வைக்க வேறு யாரையாவது அனுப்புங்கள், அது காலைச் சுற்றாமல் விடாது.